விடியற்காலை யாருக்குச் சொந்தம்?

விடியற்காலையின் பெருமையைப் பற்றி நம்மவர் பேசியும் எழுதியும் வைத்திருப்பதற்கு அளவில்லை. பொழுது புலர்வதற்குச் சற்றேறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு முன் தொடங்குவது பிரம்ம முகூர்த்தம். அவ்வேளையில் மனம் அசையாத நீர்போல் தெளிந்து நிற்கும். அப்பொழுது எழுந்து தியானத்தில் அமர்பவன் பெரும்பேறு அடைவான் என்று மேடைதோறும் பிரசங்கம் நடைபெறுகிறது. நல்லது. அந்த வேளை நல்ல வேளை என்பதில் நமக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிரசங்கம் செய்யும் பெரியோர்களை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். இந்நாட்டுத் தமிழனுக்கு அந்த வேளை என்றைக்காவது சொந்தமாயிருந்ததா? சொந்தமில்லாத ஒன்றை நற்காரியத்துக்குச் செலவிடுவது எங்ஙனம்? பையில் காசில்லாதவனிடம் தருமத்தின் சிறப்பைப் பேசுவது போன்றதன்றோ இது?

மலாக்கா நகரிலிருந்து கடலோரச் சாலையில் தென்கிழக்கே உம்பையைக் கடந்து மெர்லிமாவை நோக்கிச் செல்வோர், நடுவே செர்காம் என்னும் ஊரைக் காண்பர். ஒருபுறம் மலாக்கா நீரிணை. மறுபுறம் ஜாசின் வட்டாரத்துத் தோட்டங்கள். ரப்பர் வரலாற்றில் மலாக்கா சாமானியமான இடமன்று. 1896-ஆம் வருஷத்தில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அதனையடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிடப்பட்டது இந்த மண்ணில் தொடங்கிற்று. அது தொடங்கவே, கடல் கடந்து தமிழன் வந்தான், காட்டை அழித்தான், மரத்தை வளர்த்தான், லயத்து வீட்டில் குடியேறினான். அன்றோடு அவனுடைய விடியற்காலையும் அவன் கையை விட்டுப் போயிற்று.

ஏன் போயிற்று? ரப்பர் மரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. இரவு முழுதும் இலைகள் நீரை வெளிவிடுவது குறைந்திருப்பதால், மரப்பட்டையினுள் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். பொழுது ஏறி வெயில் பட்டதும் அவ்வழுத்தம் தணிந்துவிடும். ஆதலால் இருள் பிரிவதற்கு முன் உளி பட்டால் பால் பெருகும். பொழுது ஏறிய பின் பட்டால் பால் குறையும். எந்த வேளையை வேதியர் தேவர்களுக்குரியதென்று சொன்னாரோ, அதே வேளையைத் தோட்டத்துரை கணக்குப் புத்தகத்துக்குரியதென்று கண்டுகொண்டான். நாலு மணிக்கு மணியோசையோ தப்போசையோ கேட்கும். எழ வேண்டும். இருளிற் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் அன்றைய கூலி போயிற்று. பிரம்ம முகூர்த்தத்தில் கண் விழிக்கும் விரதத்தை உலகில் வேறெவரும் அனுஷ்டிக்காத ஒழுங்கோடு தலைமுறை தலைமுறையாக அனுஷ்டித்தவன் தோட்டத் தமிழன். அவனுக்குக் கிடைத்த பெரும்பேறு யாதென்று பிரசங்கிகள் சொல்லட்டும்.

ஆடவன் கதை இது. பெண்ணின் கதை இதனினும் கொடிது. மணியடிப்பதற்கு முன்பே அவள் எழுந்தாள். அடுப்பு மூட்டினாள், சோறு வடித்தாள், பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டாள், பின்பு ஆணோடு சமமாகப் பெரட்டில் நின்றாள். சமமாக நின்றவளுக்குச் சமமான கூலி உண்டா? இல்லை. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், எளிதிற் சென்றடையத்தக்க பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாலையில் வந்தும் அவளுக்கு அடுப்பே காத்திருந்தது. அவள் தனக்கென்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள் என்று சொல்லக் கேட்டவர் உண்டா? உட்கார்ந்திருந்தால் அவளை என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள் என்பதும் நாம் அறியாததன்று.

நிற்க. போனது காலை நேரம் மட்டுமாயின் அது பெரிதன்று. நேரத்தைத் திரும்பப் பெற்றுக் கொள்ளலாம். அதனோடு சேர்ந்து போன இன்னொன்று உண்டு. அது, தன்னிடத்தில் தான் கொள்ள வேண்டிய பரிவு. நாள்தோறும் கண் விழித்தவுடன் காதில் விழுந்த முதற்சொல் வசைச்சொல்லாயிருந்தால் மனிதன் என்னாவான்? கங்காணி ஏசினான், கிராணி ஏசினான், துரை ஏசினான். ஏச்சைக் கேட்டுக் கேட்டு, ஏசுபவன் இல்லாத இடத்திலும் தன்னைத் தானே ஏசிக் கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. வெளியே நின்ற கங்காணி உள்ளே குடிபுகுந்தான். கங்காணி முறை மறைந்தது. அந்த உட்கங்காணி மாத்திரம் மறையவில்லை. "நீ உதவாக்கரை, உனக்கு எதற்கு இளைப்பாறுதல்? எழுந்திரு" என்று அவன் இன்றும் அதட்டுகிறான். தகப்பனிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும், வீடு வாசலை எழுதி வைப்பது போல இந்த அதட்டலை எழுதி வைத்து வந்திருக்கிறோம்.

இது மிகையா? 1941-ஆம் வருஷத்துக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். அன்று தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. கள்ளுக்கடையை மூட வேண்டுமென்பது இருந்தது. இவற்றோடு, துரைமார் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. துருப்புகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் துறந்தனர். தன் சொந்தச் சைக்கிளின்மேல் உட்கார்ந்திருக்கும் உரிமையைக்கூட ஒருவன் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்றால், அவன் உள்ளம் எத்தனை முறை இறங்கி இறங்கி நின்றிருக்க வேண்டும்! இன்று எந்தத் துரைக்காகவும் எவரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. ஆயினும் கண்ணாடியின் முன் நிற்கும்போது நம்மில் எத்தனை பேர் உள்ளுக்குள் இறங்கி நிற்கின்றனர் என்பதே நம் கேள்வி.

இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. பல, வீட்டு மனைகளாகிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் மெர்லிமாவுக்கும் ஜாசினுக்கும் மலாக்கா நகருக்கும் குடி பெயர்ந்துவிட்டனர். பத்து பெரண்டாம் முதலிய இடங்களின் ஆலைகளில் வேலை பார்க்கின்றனர். ஆனால் விடியற்காலை திரும்பி வந்ததா? இல்லை. மணியோசைக்குப் பதில் கைப்பேசியின் ஓசை. பெரட்டுக்குப் பதில் ஆலைப் பேருந்து. கண் விழித்ததும் கை கைப்பேசியைத் தேடுகிறது; அதில் ஊரார் வீட்டுக் கல்யாணமும் புதுக் காரும் அயலூர்ப் பயணமும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கண்டதும் உட்கங்காணி பேசத் தொடங்குகிறான்: "பார், எல்லாரும் முன்னேறிவிட்டார்கள்; நீ மட்டும் இப்படியே கிடக்கிறாய்." படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே பெரட்டு முடிந்துவிட்டது, அன்றைய அவமானமும் பதிவாகிவிட்டது.

இதன் விளைவை அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது. தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் மனச்சோர்வு நோய்க்கு ஆளான பெரியவர்கள் 2019-இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023-இல் 4.6 பேர். நாலு வருஷத்தில் இரு மடங்கு! தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கித் தண்டித்த 309-ஆம் சட்டப் பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. துயருற்றவனைக் கண்டால் தேற்றுவதற்குப் பதில் தண்டிப்பது என்ற மனப்பான்மை சட்டப் புத்தகத்திலேயே அவ்வளவு காலம் குடியிருந்தது என்றால், மனிதருள்ளத்தில் அது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கும்!

ஆகவே நாம் சொல்வது இது. நாள்தோறும் காலையில் பத்து நிமிஷத்தை ஒவ்வொருவரும் தமக்கென மீட்டுக் கொள்ள வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் எவருக்கும் குரல் கொடுக்காமல், எதையும் சாதிக்காமல், அமைதியாக அமர்ந்து, தம் மூச்சைத் தாமே கவனித்து, தம்மிடம் தாமே பரிவோடு பேசிப் பழக வேண்டும். இதனைத் தியானம் என்று அழையுங்கள். அப்பெயர் பிடிக்காவிடில் சும்மா இருத்தல் என்று அழையுங்கள். பெயரில் நமக்கு வழக்கில்லை. இது நம் பாட்டன்மாரிடமிருந்து எடுத்துக் கொள்ளப்பட்ட சொத்து. அதனைத் திரும்பப் பெறுவது எவரும் இடும் பிச்சையன்று, நம் உரிமை.

இதனைச் சொன்னவுடன் மூன்று திசைகளிலிருந்து மறுப்பு எழும் என்பதை நாம் அறிவோம். ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, வைதீகர் மறுப்பு. "தியானம் என்றால் விளையாட்டா? நீராடி, நியமம் தவறாது, குருவிடம் உபதேசம் பெற்று, நாலு மணிக்கு எழுந்து செய்ய வேண்டிய காரியமன்றோ?" என்பர். இவர்களுக்கு ஒரு தமிழரின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். திருநெல்வேலிச் சீமை பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்பவர் 1913-இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பானை அடுத்த தோட்ட மருத்துவமனையிலும், பின்பு ஜொகூர் பாருவிலும் மருத்துவப் பணி புரிந்தார். 1923-இல் இந்நாட்டை விட்டு நீங்கி ரிஷிகேசம் சென்று துறவு பூண்டார். அவரே சுவாமி சிவானந்தர். 1936-இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவி உலகெங்கும் யோகத்தையும் தியானத்தையும் பரப்பினார். அவருடைய முதன்மையான போதனைகளுள் ஒன்று, காலை நாலு மணிக்கு எழுந்து தியானத்தில் அமர்க என்பது.

இதில் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகுக்குத் தியானம் கற்பித்தவர்களுள் ஒருவர், அதற்கு முன் நம் தோட்டத்துத் தொழிலாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர். காய்ச்சலையும் பசியையும் களைப்பையும் கண்ணாற் கண்டவர். அப்பெரியாரை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவர் போதனை எங்கெங்கோ சென்று, மேனாட்டுச் சீமாட்டிகளுக்கும் நகரத்துக் கனவான்களுக்கும் எட்டிற்று. பால்மரத் தீம்பாருக்கு எட்டிற்றா? நாலு மணிக்கு எழுக என்ற உபதேசம், ஏற்கெனவே நாலு மணிக்கு எழுப்பப்பட்டவனுக்கு என்ன பயன் தரும்? அவனுக்கு வேண்டியது இன்னும் சீக்கிரம் எழுவதன்று. எழுந்த பின் சில நிமிஷம் அவனை அவனாக விட்டுவைப்பது. உபதேசத்தைக் கேட்பவனின் வாழ்வுக்கு ஏற்றவாறு திருத்தாமல், வாழ்வை உபதேசத்துக்கு ஏற்றவாறு திருத்தச் சொல்வது வைதீகத்தின் பழைய பிழை. இராச்சுற்று வேலை முடிந்து காலை எட்டு மணிக்குப் படுத்து, மாலை நாலு மணிக்கு விழிக்கும் ஆலைப் பெண்ணுக்கு மாலை நாலு மணியே விடியற்காலை. அவள் அப்பொழுது அமரட்டும். அதனால் எந்தத் தெய்வமும் கோபித்துக் கொள்ளாது.

பரிவு என்பது பிறருக்கு மட்டுமே உரியது, தனக்குக் காட்டினால் சுயநலமாகும் என்பாரும் உளர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்தி மார்க்கம், அன்பைப் பெருக்கும் பயிற்சியைத் தன்னிடமிருந்தே தொடங்குமாறு வகுக்கிறது. தன்னிலிருந்து நண்பனுக்கும், நண்பனிலிருந்து அயலானுக்கும், அயலானிலிருந்து பகைவனுக்கும் அது விரிய வேண்டுமென்கிறது. வடலூர் இராமலிங்கர் சீவகாருண்யம் என்று எல்லா உயிர்க்கும் இரங்கச் சொன்னார். எல்லா உயிரிலும் நம் உயிர் அடங்காதா? நாயின் பசிக்கு இரங்குபவன் தன் களைப்புக்கு இரங்கினால் மட்டும் பாவமாகி விடுமா? அதே இராமலிங்கர் 1867-இல் வடலூரில் முதலில் மூட்டியது அன்னசாலை அடுப்பு என்பதையும் மறத்தலாகாது. பசித்தவனுக்கு முதலில் சோறு, பின்பே மற்றவை. அந்த முறையை நாமும் ஒப்புக் கொள்கிறோம்.

இரண்டாவது, நம் பகுத்தறிவுத் தோழர்களின் மறுப்பு. "கண்ணை மூடிக் கொண்டால் கஞ்சி வருமா? மக்களைத் தூங்க வைக்கும் வேலையன்றோ இது?" என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். கஞ்சி வராது. கூலியைச் சங்கமே வாங்கித் தர வேண்டும். தியானம் செய்யும் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி வேண்டாம் என்று எவனாவது சொன்னால், அவனை முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம். மேலதிக வேலைக்குரிய சம்பளத்தைக் கொடுக்க மனமில்லாத முதலாளி, வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பிரசங்கியைக் கூட்டி வந்து, "மூச்சை இழுங்கள், விடுங்கள், கவலையை மறங்கள்" என்று சொல்ல வைப்பது இக்காலத்து நாகரிகமாகிவிட்டது. முன்னாள் முதலாளி தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்தான். தொழிலாளி தன் துயரை அதிலே கரைத்தான். தன் கூலியையும் அதிலே கரைத்தான். கவலையை மறக்கச் செய்வதற்காக முதலாளி தரும் எந்தப் பண்டத்தையும் ஐயத்தோடு நோக்குவதே அறிவு. அது கள்ளாயினும் ஒன்றே, தியானமாயினும் ஒன்றே.

ஆனால் நாம் சொல்வது மறப்பதற்கான வழியன்று, காண்பதற்கான வழி. கள் தன்னை மறக்கச் செய்யும். அமைதி தன்னைக் காணச் செய்யும். தன்னைக் கண்டவன் தூங்கமாட்டான். தன் முதுகு வலிக்கிறது, தன் நெஞ்சு அஞ்சுகிறது, தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதை எவனொருவன் அமைதியாக அமர்ந்து உணர்கிறானோ, அவனே மறுநாள் தெளிவாகப் பேசுவான். தன்னைத் தானே இகழ்பவன் பிறர் தன்னை இகழும்போது எதிர்த்து நிற்க மாட்டான். "அவன் சொல்வது மெய்தானே" என்று தலை கவிழ்வான். ஆதலால் தோழர்களே, சுயமரியாதைக்கு அடித்தளம் தன்பரிவு. அடித்தளமில்லாத மாளிகை எவ்வளவு உயரமாயினும் என்? மேடையில் இடி முழக்கம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன்னையும் தன் மனைவி மக்களையும் ஏசுகின்ற வீரரை நாம் காணாமலில்லை.

மேலும், இதற்கு எந்த மதமும் வேண்டியதில்லை. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட் சின் என்பவர், தீரா வலியுற்ற நோயாளிகளுக்கு மந்திரமும் மூர்த்தியும் இன்றி இப்பயிற்சியைக் கற்பித்தார். 2014-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 47 பரிசோதனைகளை, 3,515 பேரைப் பற்றியவற்றை, ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு யாது? மனப்பதற்றமும் சோர்வும் ஓரளவு தணிகின்றன; ஆயினும் உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றைவிட இது மேலானது என்பதற்குச் சான்றில்லை. எவ்வளவு நேர்மையான முடிவு! நம் குருமார் இவ்வாறு பேசுவார்களா? சர்க்கரை நோய் போகும், கடன் தீரும், முற்பிறவி தெரியும் என்றன்றோ விளம்பரம் செய்கின்றனர்! முதல் வகுப்பு இலவசம். இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம். மூன்றாம் வகுப்புக்குத் தாலிச் சங்கிலி. மூச்சுக்கு விலை வைக்கும் இந்த வியாபாரம் மற்றெல்லா வியாபாரத்தினும் இழிந்தது. காற்று உங்களுடையது, மூக்கு உங்களுடையது, இடையில் தரகன் எதற்கு?

மூன்றாவது மறுப்பு வெளியிலிருந்து வருவதன்று, நம்முள்ளிருந்தே வருவது. "என்மேல் நானே இரங்கினால் சோம்பேறியாகிவிட மாட்டேனா? என்னை நானே அதட்டுவதால்தானே இவ்வளவாவது வேலை நடக்கிறது?" இது உட்கங்காணியின் வாதம். அவன் வேலை போய்விடுமே என்ற கவலை அவனுக்கு! டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்டின் நெஃப் என்னும் அம்மையார் 2003-இல் தன்பரிவை மூன்று கூறாக வகுத்தார். தன்னிடம் கடுமைக்குப் பதில் கனிவு. துன்பம் தனக்கு மட்டுமே உரியதன்று, மனிதர் எல்லாருக்கும் பொது என்னும் உணர்வு. துன்பத்தை மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளவாறு நோக்கும் விழிப்பு. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது? "ஐயோ, எனக்கு மட்டும் இப்படியா!" என்று புலம்புவது கழிவிரக்கம்; அது மனிதனைத் தனியனாக்கும். "எனக்கும் இப்படி, என் அண்டை வீட்டானுக்கும் இப்படி, இனி ஆகவேண்டியது என்ன?" என்பது பரிவு, அது மனிதனை மனிதரோடு சேர்க்கும். தேர்வில் தவறிய பிள்ளையைச் செருப்பாலடிக்கும் தகப்பன் ஒருவன்; அருகில் உட்கார வைத்து, "பரவாயில்லை, எந்தக் கணக்கு விளங்கவில்லை?" என்று கேட்கும் தகப்பன் ஒருவன். எவன் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறக்கும்? நம் உள்ளமும் அந்தப் பிள்ளையே.

இனிச் செய்யும் முறையைச் சுருங்கச் சொல்வோம். எழுந்ததும் கைப்பேசியைத் தொடாதீர்கள். முகம் கழுவிக் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தவுடன், அடுக்களையிலோ வாசற்படியிலோ நாற்காலியிலோ அமருங்கள். பாதங்கள் இரண்டையும் தரையில் நன்கு பதியுங்கள். தரை உங்களைத் தாங்குகிறது என்பதை உணருங்கள். மனம் நேற்றைக்கும் நாளைக்கும் பறக்கும். பாதம் இன்றைக்கு மட்டுமே இருக்கும். ஆதலால் மனத்தைப் பாதத்துக்கு இறக்குவதே நிலைகொள்ளல். பின்பு மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். நடுவில் எண்ணிக்கை தவறும். தவறியதை அறிந்ததே வெற்றி. ஏசாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஏசாமல் தொடங்கும் அந்தக் கணத்திலேயே பயிற்சி முழுதும் அடங்கியிருக்கிறது. இறுதியில் நெஞ்சின்மேல் கை வைத்து, துயருற்ற தங்கையிடம் பேசுவது போல் உங்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். தங்கையிடம் பேசத் துணியாத எச்சொல்லையும் உங்களிடம் பேசாதீர்கள். தண்ணீர் கொதித்ததும் எழுந்து வேலையைப் பாருங்கள்.

இதனைப் பழக்கமாக்க எத்தனை நாள் ஆகும்? நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம் என்பர் சிலர். இருபத்தொரு நாள் என்பர் வேறு சிலர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு செயல் தானே நடக்கும் பழக்கமாவதற்கு ஆகும் காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் தக்கவாறு அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அவர்கள் கண்ட மற்றோர் உண்மை நமக்கு மிக வேண்டியது: நடுவில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. விரதம் பங்கப்பட்டதென்று முதலிலிருந்து தொடங்கும் பழைய பயம் இங்கே வேண்டியதில்லை. ஒரு நாள் பெரட்டுக்கு வராதவன் பெயரை வெட்டுவது தோட்டத்து நியாயம். அந்த நியாயத்தை உங்கள்மேல் நீங்களே செலுத்தாதீர்கள். நேற்று தவறினீர்களா? இன்று உட்காருங்கள். அவ்வளவே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்ணை மூடியதும் பழைய கொடுமை முன்வந்து நடுக்கம் தருமாயின், கண்ணைத் திறந்தே அமருங்கள்; அல்லது வாசலில் மெதுவாக நடங்கள். உயிர் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்து வந்து போகுமாயின், அதற்கு மருந்து தனியே அமர்வதன்று. உற்றாரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்குச் செல்வது வெட்கமுமன்று, இப்பொழுது குற்றமுமன்று. பூசாரியிடம் கயிறு கட்டிக் கொண்டு காலத்தைப் போக்காதீர்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ள ஆடவர்க்கு ஒரு வார்த்தை. நீங்கள் அமைதியாக அமர்வதற்காக உங்கள் மனைவி இன்னும் அரைமணி முன்னதாக எழுந்து பிள்ளைகளை அடக்கி வைப்பாளாயின், உங்கள் தியானம் அன்றே கெட்டது. பிறர் காலையைத் திருடித் தன் காலையை அமைத்துக் கொள்வதுதான் துரை செய்த வேலை. அதனை நீங்களும் செய்யாதீர்கள். நாளைக் காலை அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். தண்ணீரை நீங்கள் வையுங்கள். "நீ சற்று உட்காரம்மா, நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பாட்டிக்கும் தாய்க்கும் கிடையாத பத்து நிமிஷம் அவளுக்காவது கிடைக்கட்டும். அவள் எழுந்த பின் நீங்கள் அமருங்கள்.

இதற்காகச் செர்காமிலோ மெர்லிமாவிலோ புதிதாக ஒரு சங்கம் கூட்டி, தலைவர் செயலாளர் பொருளாளர் என்று தேர்ந்தெடுத்து, மாலை மரியாதைகளோடு திறப்பு விழா நடத்த வேண்டாம் என்றும் பணிவோடு கேட்டுக் கொள்கிறோம். சங்கம் வேண்டியது கூலிக்கும் கல்விக்கும். இதற்கு வேண்டியவை ஒரு நாற்காலியும், தரையில் பதிந்த இரண்டு பாதங்களும், தன்னை ஏசாத ஒரு நாவும் மட்டுமே. இவை மூன்றும் இல்லாத ஏழை இவ்வட்டாரத்தில் எவருமில்லை. மூன்றாவதை மட்டும் நாம் இன்னும் பழகிக் கொள்ளவில்லை. பழகுவோமாக.